ஊர் உப்பு

கடல் மனுசரோடு வாய்விட்டுப் பேசிய காலத்துக் கதை இல்லை இது. எங்கள் கோரைமுனைக்குப் புதுத் தார்ச்சாலை போட்டு, அந்தத் தார் இன்னும் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், கவுதம் என்கிற சென்னைத் தம்பி ஒருத்தன் தோளில் கறுப்புப் பையோடு வந்து, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்று எங்கள் ஊர்ப் பாட்டுக்காரி மெட்டில்டா பாடுவதைக் கேட்டு, கேட்டுக்கொண்டே நகர்ந்து நகர்ந்து முழங்கால் தண்ணீருக்குள் போய், பை நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றான் பாருங்கள், அன்றைக்குத் தொடங்கியது. நான் இன்னாசி. கரையில் மீன் ஏலம் போடுகிறவன். ஊரில் என் தொண்டைக்கு மிஞ்சின தொண்டை கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால்.

அந்தத் தம்பி சொன்ன சங்கதி இதுதான். மலை, கரிசல், வயல், கடல் என்று திசைக்கு ஒரு ஊராகப் பிடித்து, ஊருக்கு ஒருத்தராகப் பாடுகிறவர்களை அழைத்துப்போய், அவரவர் ஊர்ப் பாட்டை அவரவர் வாயாலேயே பாடவைத்து, எல்லாவற்றையும் ஒரே பாட்டாக முறுக்கப்போகிறார்களாம், கயிறு முறுக்குகிற மாதிரி. கடலுக்கு மெட்டில்டா அக்கா வரவேண்டும் என்றான். மெட்டில்டா கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாங்க பாடுதது அம்பா தம்பி. வலை இழுக்கையில நான் ஒரு வரி சொல்லணும், கயித்தப் பிடிச்சிருக்க அம்புட்டுப் பேரும் அத வாங்கிச் சொல்லணும். வாங்க ஆளில்லன்னா என் வரி எங்க போயி நிக்கும்?"

"ஊருக்கு ஒருத்தருக்குத்தான் இடம் இருக்குக்கா. பின்பாட்டு அங்க இருக்கறவங்க பாடிடுவாங்க."

"அங்க இருக்கவங்க கயிறு பிடிச்சிருக்காங்களா?"

தம்பி நனைந்த பையை உதறித் தோளில் மாட்டிக்கொண்டான். ஆனால் போக மனசு வரவில்லை. கோயில் முற்றத்தில் ஊர் கூடிப் பேசியது. நம் ஊர் பெயர் வெளியே போகிற காரியம், மெட்டில்டா போய்த்தான் ஆகவேண்டும் என்றார்கள் சிலர். பின்பாட்டு இல்லாமல் அவளை அனுப்புவது துடுப்பில்லாமல் வள்ளம் தள்ளிவிடுவது மாதிரி என்றார்கள் சிலர். கடைசியில் யார் வாயிலிருந்து வந்தது என்று தெரியாமலே ஒரு யோசனை வந்து எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஊர் உப்பு எடுத்து அனுப்புவோம் என்பதுதான் அது.

ஊர் உப்பு எங்களுக்குப் பழக்கமான காரியம். பக்கத்து ஊரோடு வலை எல்லைத் தகராறு வந்து, ஊருக்காக ஒரு ஆள் பேசப் போகிறான் என்றால், வீட்டுக்கு வீடு சமையல் உப்புப் பானையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து ஒரே துணியில் முடிந்து அவன் மடியில் கட்டி அனுப்புவோம். அந்தப் பானை உப்பைத் தின்கிற நாக்கு அத்தனையும் அவனோடு போகிறது என்று அர்த்தம். அவன் திரும்பி வருகிறவரை ஊரில் யாரும் அந்த விசயத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அதுதான் முறை. வந்ததும் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் பழையபடி பேசத் தொடங்குவோம். பாட்டுக்கென்று யாரும் அதுவரை ஊர் உப்பு எடுத்தது கிடையாது. எல்லைக்கு எடுக்கலாம், பாட்டுக்கு எடுக்கக்கூடாதா என்றுதான் நினைத்தோம், அதற்கு மேல் யோசிக்கிற புத்தி எங்களுக்கு இல்லை.

மெட்டில்டா துணியை ஏந்திக்கொண்டு வீடு வீடாக வந்தாள். எல்லா வீட்டிலும் போட்டார்கள். கோயில் வீட்டில் இருக்கிற பங்குச் சாமிகூட, வெளியூர்க்காரர்தான் என்றாலும் எங்கள் உப்பைத் தின்கிறவர் ஆகையால், சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு ஒரு சிட்டிகை போடச் சொன்னார். சலேத்தம்மாள் மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என் உப்பு வேண்டாம் மெட்டில்டா. நீ நல்லபடியா போயிட்டு வா."

"ஒரு கல்லாவது தாங்க மயினி. உங்க வீடு மட்டும் விட்டுப்போச்சுன்னா எனக்கு மனசு கேக்காது."

"பாட்டுக்குன்னு ஊர் உப்பு எடுத்தா, நீ வர்ற மட்டும் கரையில ஒருத்தரும் தொண்டையத் திறக்கக் கூடாது. அதுதான முறை? ஒரு சாயங்காலம் நான் கூப்பிடாம இருந்தா அவன் எந்தப் பக்கம்னு திரும்புவான்?"

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. சலேத்தம்மாளின் மகன் ததேயு முந்தின வருசம் ஐப்பசிக் காற்றில் கடலில் விழுந்தவன். வள்ளம் வந்தது, கூடப் போனவன் வந்தான், ததேயு வரவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. அப்படிப் போனவனை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெற்றவள் கூப்பிடுவாள், இல்லாவிட்டால் கட்டினவள் கூப்பிடுவாள். நின்றுகொண்டுதான் கூப்பிட வேண்டும், உட்காரக் கூடாது. கூப்பிடுகிற வீட்டு அடுப்பில் மீன் ஏறக்கூடாது. உடம்பு கிடைத்தால் கூப்பிடுவது நிற்கும், இல்லாவிட்டால் கூப்பிடுகிறவள் மூச்சு நிற்கும்போது நிற்கும். பதில் வந்து நின்றதாக எங்கள் ஊரில் ஒரு பொய்க்கதைகூடக் கிடையாது.

ஆகவே மெட்டில்டா அவளை வற்புறுத்தாமல் நகர்ந்தாள். ஆனால் சலேத்தம்மாளுக்கு அருளாயி என்று ஒரு ஓரகத்தி உண்டு, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள், அவள் மனசு கேட்கவில்லை. புருசனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் நிற்கிறவளை ஊர் உப்பிலும் சேர்க்காமல் விட்டால், நாளைக்கு யாராவது அவளை ஊர்க்கணக்கில் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று பயந்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டை விட்டுவிடுவதைப் போலக் கேவலம் வேறில்லை. சலேத்தம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து, பானையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, ஓடிப்போய் மெட்டில்டாவின் துணியில் போட்டுவிட்டு, "மயினி மனசு மாறிட்டா" என்றாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

மறுநாள் காலை மெட்டில்டா முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து ஏறினாள். நான் சாளை மீனை ஏலம் போட்டுக்கொண்டிருந்தேன். பேருந்து உடைமரத்து வளைவில் திரும்பி மறைந்ததும், என் வாய் திறந்தது திறந்தபடி இருக்க, சத்தம் மட்டும் வரவில்லை. நான் இருமிப் பார்த்தேன், இருமலும் ஊமையாக வந்தது. எதிரே நின்ற பெண்கள் வாயும் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நாய் குரைத்தது, அலை அடித்தது, யாரோ ஒருத்தர் மடியில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனுசச் சத்தம் மட்டும் கோரைமுனையை விட்டுப் போய்விட்டது. வழக்கமாக எந்த விசயத்துக்கு உப்பு எடுக்கிறோமோ அந்த விசயம்தான் வாயை விட்டுப் போகும். இந்தத் தடவை எடுத்ததே தொண்டைக்காக, ஆகவே தொண்டை போயிற்று. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மீன் காத்திருக்காது என்பதால் ஏலம் நிற்க முடியாது. நான் கூடையைக் காலால் தட்டிக் காட்டினேன், வேண்டியவர்கள் விரலைத் தூக்கினார்கள், யார் விரல் கடைசியாக நின்றதோ அவளுக்குக் கூடை போயிற்று. வெளியூரிலிருந்து வாங்க வந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல. கோயிலில் சாமி கைகளை விரித்து உதட்டை அசைத்தார், நாங்கள் உதட்டை அசைத்துப் பதில் சொன்னோம். அன்றைக்கு ஒருத்தரும் பூசை நடுவில் எழுந்து வெளியே போகவில்லை. கைக்குழந்தைகள் சத்தமில்லாமல் அழுததால் தாய்மார்கள் பிள்ளையின் காலைத் தங்கள் சேலை முந்தானையோடு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள், முந்தானை இழுபட்டால் பிள்ளைக்குப் பசி என்று தெரியும். பள்ளிக்கூடத்து டீச்சர் டவுனிலிருந்து சோறு கொண்டுவந்து தின்கிறவள், அவளுக்கு மட்டும் குரல் இருந்தது. இருந்து என்ன, தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கேட்டுப் பயந்துபோய் அவளும் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டாள். என் வீட்டுக்காரி மட்டும் அந்த நாட்களைப் பற்றி இன்றைக்கும் குறை சொல்வதில்லை, அவள் குணம் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது முதல் நாள் சாயங்காலமே வந்தது.

தன் உப்பு போகவில்லை என்பதால் தன் குரல் தன்னிடம்தான் இருக்கிறது என்று சலேத்தம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். பேச ஆளில்லாத வீட்டில் காலையிலிருந்து வாயைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரைக்குப் போனாள். ஈர மணலில் காலை ஊன்றி நின்று, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, மார்பு நிறைய மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, வெறும் காற்று வந்தது. நாங்கள் வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் திரும்பி எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்து, அருளாயியின் முகத்தில் வந்து நின்றாள். அருளாயி அவள் காலில் விழுந்தாள், மன்னிப்புக் கேட்பதற்குக்கூடக் குரல் இல்லாமல் மணலில் முகத்தை வைத்து முதுகு குலுங்க அழுதாள். சலேத்தம்மாள் அவளை அடிக்கவில்லை. கால்களை மெல்ல உருவிக்கொண்டு திரும்பவும் கடலைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளுக்குப் பதிலாக நாங்கள் கூப்பிட்டிருப்போம், ஊரே நின்று கூப்பிட்டிருக்கும், எங்களிடம் குரல் எங்கே இருந்தது. கோயில் மணியை அடித்துப் பார்த்தார்கள். மணிக்குப் பெயர் சொல்லத் தெரியாது. சீக்கிரம் திரும்பி வா என்று மெட்டில்டாவுக்குப் போனில் எழுதி அனுப்பினோம், அவள் பார்க்கவில்லை. சலேத்தம்மாள் ஒவ்வொரு சாயங்காலமும் போய், வராத குரலால் கூப்பிட்டு, வாயைத் திறந்தபடி இருட்டுகிறவரை நின்றாள். அந்த வாயைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. உப்பு வாங்கிப்போன எங்கள் எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது, என் மேலும்தான்.

சென்னையில் நடந்தது மெட்டில்டா வந்து சொன்னது. கதவை மூடினால் வெளிச் சத்தம் நுழையாத அறையாம், போன்களை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் கொடுத்தார்களாம். பாடவந்தவர்கள் எல்லாரையும் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டு, இவளை முதலில் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். "வலைக்குள்ள வெள்ளி துள்ளுது" என்று இவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்ததும், "ஏலோ, வாசல் வர இழு" என்று இவள் வாய்க்குள்ளிருந்தே கோரைமுனை மொத்தமும் வாங்கிச் சொல்லியிருக்கிறது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், நடுவில் என் கட்டைத் தொண்டையும். கவுதம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டான். மெசினுக்குப் பக்கத்தில் இருந்தவனிடம், "எதையும் தொடாத, ஓடட்டும்" என்று மட்டும் சொன்னான். சுவரோரம் இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. அவர்களும் அவரவர் ஊரைச் சுமந்து வந்தவர்கள்தானே.

பாட்டு முடிந்தது. முடிந்தும் மெட்டில்டாவால் வாயை மூட முடியவில்லை. எங்கள் கரையில் விளக்கு வைக்கிற நேரம் அது. அவள் தொண்டைக்குள்ளிருந்து, பாட்டோடும் சேராமல் தாளத்தோடும் சேராமல், சலேத்தம்மாள் கூப்பிட்டாள்.

"லே ததேயூ… வந்துருலே மக்கா…"

அந்த உப்பு எப்படி வந்தது என்று மெட்டில்டாவுக்கு அப்போதுதான் விளங்கியதாம். கூப்பிட்ட சத்தம் அறையைச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. அப்போது மைக்குக்குப் பக்கத்தில், தன் முறைக்காக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரங்கி என்கிற மலைக்காரி, தேன் எடுக்கப் போகிறவர்களின் பாட்டைப் பாட வந்தவள், நிமிர்ந்து பார்த்து, "ஓ…ஓய்…" என்று நீளமாகப் பதில் கொடுத்தாள்.

பிறகு மெட்டில்டா அவளிடம், ஏன் பதில் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறாள்.

"காட்டுக்குள்ள ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்புட்டா, கேட்டவங்க ஓ போடணும். யார் பேரா இருந்தா என்ன? கூப்புட்டவங்கள அப்படியே நிக்க உட முடியுமா?" என்றாளாம் ரங்கி.

மெட்டில்டா வந்து இறங்கின அன்றைக்குப் பெரிய தவலையில் தண்ணீர் பிடித்து, முடிச்சை அவிழ்த்து உப்பைக் கரைத்து, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினோம். குடித்தவுடன் குரல் வந்தது. வந்ததும் ஊர் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து ஓடைப்பக்கம் போய்விட்டன. நான் அன்றைக்குப் பாதியில் விட்ட சாளை மீன் ஏலத்தைக் கத்தி முடித்துவிட்டுத்தான் வேறு பேச்சுப் பேசினேன். சலேத்தம்மாளும் குடித்தாள். வாயைத் திறந்தாள், வரவில்லை. இன்னொரு வாய் ஊற்றினார்கள். தவலையைக் கவிழ்த்து அடித்தண்ணீரையும் ஊற்றினார்கள். காற்றுதான் வந்தது. அருளாயி தலையில் அடித்துக்கொண்டு, "என் குரலை எடுத்து அவளுக்குக் குடுங்க, நான் பாவி, எனக்கு எதுக்கு இது" என்று அழுதாள். இப்போது அவள் அழுகை ஊர் முழுக்கக் கேட்டது.

என்ன ஆயிற்று என்று மெட்டில்டா சொல்லச் சொல்ல எங்களுக்குப் புரிந்தது. எல்லார் குரலும் பாட்டோடு போய் பாட்டோடு திரும்பிவிட்டது, இவள் குரல் மட்டும் அந்தப் பாட்டின் முடிவில் தங்கிவிட்டது. உடனே சென்னைக்குப் போன் போட்டோம். கவுதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அழிச்சிடலாம் அண்ணாச்சி. ஒரு நிமிசம் ஆகாது. அந்த இடம் இல்லாமலும் பாட்டு நிக்கும். அவங்க குரல் அவங்களுக்கு வரணும், அதுதான் முக்கியம்."

நல்ல பிள்ளை. அழித்துவிடு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மெட்டில்டா என் கையிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கண்ணே. அது மயினி குரல். அவங்க ஒருதரம் கேக்கட்டும். கேட்டுட்டு அவங்க சொல்லட்டும்."

கவுதம் பாட்டைப் போனில் அனுப்பிவைத்தான். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை எடுத்துவந்து, அலையோரத்தில் ஊரைப் பார்க்கக் கம்பு நட்டுக் கட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் முழுக்க வந்து மணலில் நின்றது. சலேத்தம்மாள் எங்களுக்கு முன்னால், வழக்கமாகத் தான் நிற்கிற இடத்தில், கடலைப் பார்த்து நின்றாள். பாட்டு வந்தது. எங்கள் குரலை நாங்களே கேட்டோம், கேட்டுக்கொண்டே எங்கள் கைகள் கயிறு இழுக்கிற மாதிரி தாமாக அசைந்தன. பாட்டு முடிந்ததும் அவள் குரல் வந்தது. லே ததேயூ, வந்துருலே மக்கா. ஐப்பசியிலிருந்து நாங்கள் தினம் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான், ஆனால் அதுவரை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தோம், அன்றைக்கு அது எங்களைப் பார்த்து வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அலை ஒன்று வந்து போயிற்று. சலேத்தம்மாளின் தோள், இத்தனை நாளும் அந்த இடத்தில் எப்படி விழுமோ அப்படி விழப்போன நேரத்தில், ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பதில் வந்தது.

ஓ…ஓய்.

சலேத்தம்மாள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு முழங்கால் மடங்கி, கையை ஊன்றி, ஈர மணலில் உட்கார்ந்தாள். கூப்பிடுகிறவள் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் எங்கள் ஊர் பார்த்தது. நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான், ஒருத்தரும் மறைக்கவில்லை.

மெட்டில்டா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சலேத்தம்மாள் ஸ்பீக்கரைக் காட்டி, யார் அது என்று கையால் கேட்டாள்.

"அது ததேயு இல்ல மயினி. ரங்கின்னு ஒரு மலைக்காரி. நீங்க கூப்பிட்டதக் கேட்டுட்டு ஓ போட்டா."

சலேத்தம்மாள் தலையாட்டினாள். அது தன் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பெற்றவள் அல்லவா.

"அந்த இடத்த அழிச்சா உங்க குரல் திரும்பி வந்துரும்னு சொல்லுதாங்க. அழிக்கச் சொல்லட்டா?"

சலேத்தம்மாள் மெட்டில்டாவின் கையைப் பிடித்து, அந்தக் கையை மணலில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று அர்த்தம். எங்களுக்கும் அப்போது புரிந்தது. பதில் கிடைக்காத குரல்தான் கூப்பிட்டவளிடமே திரும்பி வரும். தினம் அப்படித்தான் அவளிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி அது எதற்குத் திரும்ப வேண்டும்?

அந்தப் பாட்டு பிற்பாடு எங்கெங்கேயோ போயிற்று. டவுன் பேருந்தில் கேட்டேன் என்றார்கள், வேறு துறைமுகங்களில் வலை பழுது பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றார்கள். அதெல்லாம் பெரிய சங்கதி, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை நடந்தது.

கரையில் நல்ல கூட்டம். விளைமீன் ஒரு கூடை வந்திருந்தது, கண்ணும் செதிலும் பளிச்சென்று இருந்த மீன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக ஏலம் தொடங்கினேன், பெண்கள் போட்டிபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு விரல் உயர்ந்தது. சத்தம் திரும்பி வந்த ஊரில் இன்னும் யார் விரலால் கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். சலேத்தம்மாள் கையில் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஐப்பசியிலிருந்து மீன் ஏறாத வீட்டுக்காரி, மீன் கூடையைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கியபடி நின்றாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பிப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

அந்த விரலுக்கு மேல் நான் ஏலம் கூப்பிடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தேன்.